எலும்புக்கூட்டுக்குத் திருநீறு

என் வீட்டில் சில வார்த்தைகளைச் சொல்லக் கூடாது. எழுதி ஒட்டிய சட்டமில்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். யாராவது இறந்தால் ‘தவறிட்டார்’ என்றுதான் சொல்ல வேண்டும். பெரிய நோய் என்றால் ‘அந்த வியாதி’. பெயரைச் சொல்லிவிட்டால் அது நம் வாசலைத் தெரிந்துகொண்டு வந்துவிடும் என்று நான் நம்புகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். என் கணவர் சபரிநாதன் காலையில் எங்கள் ஊர் எடிசன் ரயில் ஸ்டேஷனுக்கு ஓடுகிற அவசரத்தில் “போறேன்” என்று சொல்லிவிட்டால், திரும்பக் கூப்பிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்கவைத்து, “போயிட்டு வர்றேன்” என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவேன். ரயில் போனால் இன்னொரு ரயில் வரும்.

அப்படிப்பட்ட வீட்டின் பேஸ்மென்டில், அரிசி மூட்டைக்கும் ஃப்ரீஸருக்கும் நடுவில், என் மகள் ஓர் எலும்புக்கூட்டை வரைந்து வைத்திருந்தாள்.

எல்லாம் டெக்சாஸில் ஆரம்பித்த வினை. போன கோடையில் டல்லாஸில் இருக்கிற என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். வெயிலுக்குப் பயந்து ஃபோர்ட் வொர்த்தில் ஒரு மியூசியத்துக்குள் நுழைந்தோம். நாங்கள் ஏசிக்காகப் போனோம். என் மகள் ரோஷினி மட்டும் ஒரு படத்தின் முன்னால் நின்றவள் நின்றதுதான். பெல்ஜியத்தில் நூறு வருஷத்துக்கும் முன்னால் ஒருவர் வரைந்த படம். எலும்புக்கூடுகள் மனிதர்களைப் போல உடுத்திக்கொண்டு ஓர் அடுப்பைச் சுற்றிக் குளிர் காய்கின்றன. குளிர் தெரிவதற்கே தோல் வேண்டுமே, இதுகள் எதற்கு அடுப்பிடம் போகின்றன என்று கேட்டேன். “எக்ஸாக்ட்லி, அம்மா!” என்றாள் சந்தோஷமாக. நான் என்ன சரியாகச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ரோஷினிக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். அவள் பேசியதை இங்கே பெரும்பாலும் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

அந்த ஊரிலிருந்து திரும்பியதிலிருந்து சாப்பாட்டு மேஜையில் அந்த ஓவியர் பேச்சுதான். கடற்கரை ஊர்க்காரராம். அவர் குடும்பத்துக்கு ஒரு கடை இருந்ததாம். சங்கு, சிப்பி, திருவிழாவுக்குப் போடுகிற முகமூடி எல்லாம் விற்பார்களாம். அந்தக் கடைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, பார்க்கிற மனிதர்களையெல்லாம் முகமூடியாகவே வரைந்தாராம். தன்னை மட்டும் சில படங்களில் எலும்புக்கூடாகப் போட்டுக்கொண்டாராம். பின்னால் எக்ஸ்பிரஷனிஸ்ட் என்று பெயர் வாங்கிய ஓவியர்களுக்கெல்லாம் அவர் முன்னோடியாம். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டேன். “அவரோட அம்மா ஒண்ணும் சொல்லலியா?” என்று கேட்டதற்கு அப்பாவும் பெண்ணும் சேர்ந்து சிரித்தார்கள்.

ரோஷினி ஸ்கூலில் கடைசி வருஷம். எங்கள் தெருவில் உள்ள மற்ற பிள்ளைகள் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் மெடிசினுக்கும் அப்ளை பண்ண, இவள் ஆர்ட் காலேஜ் என்று நின்றாள். அதை வைத்து அவளுக்கும் எனக்கும் நடந்த சண்டையில் ஐ.நா. சபை தலையிடாததுதான் குறை. கடைசியில் என் கணவர்தான் “படிக்கட்டும் விடு ப்ரியா, அவளாவது புடிச்சதைச் செய்யட்டும்” என்று முடித்துவைத்தார். காலேஜுக்கு அனுப்ப வேண்டிய படங்களில் ஒன்று பெரிதாக, எண்ணெய் வண்ணத்தில் இருக்க வேண்டுமாம். திங்கட்கிழமைக்குள் அதை போட்டோ எடுத்து அப்லோட் பண்ண வேண்டும். அதற்காகத்தான் பேஸ்மென்டைப் பிடித்துக்கொண்டு, யாரும் வரக் கூடாது என்று உத்தரவும் போட்டிருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தேங்காய்த் துருவல் எடுக்க ஃப்ரீஸருக்குப் போனேன். உத்தரவு எனக்குப் பொருந்தாது, ஃப்ரீஸர் என்னுடையது. அப்போதுதான் பார்த்தேன்.

அது எங்கள் வீட்டுத் தீபாவளி பார்ட்டி. எங்கள் டைனிங் டேபிள், எங்கள் சாண்டலியர், ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். சுற்றி நிற்கிற நண்பர்கள் யாருக்கும் முகமில்லை, முகமூடிதான். ஆனால் எந்த முகமூடி யார் என்று எனக்கு நொடியில் தெரிந்துவிட்டது. நீளமூக்கை நீட்டிக்கொண்டு அடுத்தவர் தட்டைப் பார்ப்பது தாமரைச்செல்வி. புருவத்தைத் தூக்கியபடி, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக வாயைத் திறந்து வைத்திருப்பது ரஞ்சித்குமார். ஹபீஸாவின் முகமூடியில் கண்கள் மட்டும் பாவமாக, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டன. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெற்ற வயிறு குளிர்ந்தது என்றே சொல்ல வேண்டும். கழுதை, என்னமாய் வரைந்திருக்கிறது!

பிறகு கிளிப்பச்சைப் பட்டுச் சேலையைப் பார்த்தேன். அது என்னுடையது. அதற்கு மேலே இருந்த முகமூடியில் பற்கள். அத்தனை பற்கள் ஒரு வாயில் கொள்ளவே கொள்ளாது. கையில் வடைத் தட்டோடு, எல்லாம் நன்றாக இருக்கிறது, எல்லாம் மிக நன்றாக இருக்கிறது என்று இளிக்கிற வாய். சிரிப்பு அடங்கிவிட்டது.

அப்புறம்தான் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். பேப்பர் பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு, முதுகைக் கொஞ்சம் வளைத்து, மண்டையோட்டைச் சாய்த்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது எலும்புக்கூடு. அதன் மேல் ஒரு சாம்பல் நிறத் துணி, அவ்வளவுதான். தீபாவளியன்றைக்கு என் வீட்டு மேஜையில்.

மேலே வந்து ரோஷினியைப் பிடித்துக்கொண்டேன்.

“அது யாருடி?”

எது என்றுகூட அவள் கேட்கவில்லை. “கீழ போனியா? அம்மா!”

“யாருன்னு கேட்டேன்.”

“நான்தான்,” என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், ‘இட்ஸ் மீ’ என்று. சளி பிடித்திருக்கிறது என்பது மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்.

“நல்ல நாளும் அதுவுமா, வயசுப் பொண்ணு, உன்னையே நீ அப்படி வரையலாமா? வாயிலயும் கையிலயும் நல்லதே வராதா உனக்கு? அழிச்சிரு. அதுக்கு ஒரு மூஞ்சியைப் போட்டு விட்டுரு.”

அவள் பொறுமையாகத்தான் விளக்கினாள். இது சாவைப் பற்றியது இல்லையாம். (அந்த வார்த்தையைச் சொன்னபோது நான் “சிவசிவா” என்றதை அவள் கண்டுகொள்ளவில்லை.) அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு முகத்தை மாட்டிக்கொண்டு வந்தார்களாம். எந்தக் காலேஜ், என்ன மேஜர் என்று எல்லா ஆன்ட்டிகளும் கேட்டபோது, தனக்கு மட்டும் மாட்டிக்கொள்ள முகம் இல்லாமல் எலும்பு தெரிய உட்கார்ந்திருந்த மாதிரி இருந்ததாம். எலும்புக்கூடுதான் அந்தப் படத்தில் பொய் சொல்லாத ஒரே ஆளாம்.

“கராஜ்ல நீயும்தான் ஒரு அரக்கன் மூஞ்சியைத் தொங்க விட்டிருக்கே,” என்றாள்.

“அது திருஷ்டிக்கு.”

“இதுவும் அதுக்குத்தான்.”

பேச்சை மாற்றக் கேட்டேன்: “உங்கப்பா எங்க? அவரை மட்டும் காணோம்?”

அவள் முகம் கொஞ்சம் மாறியது. வரைந்து பார்த்தாளாம், வரவில்லையாம். “ஹீ வோன்ட் ஹோல்ட் ஸ்டில். எப்பப் பார்த்தாலும் திரும்பிக்கறார்.” மூன்று தடவை சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டாளாம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கவலையெல்லாம் அந்த மேஜையோரத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவர் ஆபீஸுக்கும் அவள் ஸ்கூலுக்கும் போன பிறகு, நான் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை பார்ப்பதாகப் பாவனை செய்தேன். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. டீம் மீட்டிங்கில் யாரோ எதையோ சொல்ல, எனக்குக் காலுக்கு அடியிலேயே அந்த எலும்புக்கூடு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ரோஷினி லைசென்ஸ் வாங்கி நாலு மாசம்தான் ஆகிறது. ரூட் ஒன் ஹைவேயில் லாரிகள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். போன வாரம்தான் ஒரு ஸ்டாப் சைனில் நிற்காமல் போய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்தாயா என்று மெசேஜ் போட்டேன். பதில் இல்லை. கிளாஸில் போனை எடுக்க முடியாது, தெரியும். தெரிந்து என்ன பயன்? இன்னொன்று போட்டேன்.

சரி, அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பூஜை அலமாரியிலிருந்து பழனித் திருநீற்றை எடுத்துக்கொண்டு கீழே போனேன். எங்கள் ஊர் கோபிப் பக்கத்தில் பிள்ளைகள் பயந்தாலும் காய்ச்சலில் பிதற்றினாலும் முதலில் செய்வது இதுதான். நெற்றியில் திருநீறு பூசி, வாயால் ஊதிவிட்டால் பாதி சரியாகிவிடும். படமாக இருந்தால் என்ன, அது என் பிள்ளைதானே. அவளே சொன்னாளே.

“முருகா, என் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது,” என்று சொல்லி, மண்டையோட்டின் நெற்றியில் மூன்று விரலால் ஓர் இழுப்பு இழுத்தேன்.

எண்ணெய் வண்ணம் லேசில் காயாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? விரல் வழுக்கியது. திருநீறு அப்படியே ஈரத்தில் அப்பிக்கொண்டு, மூன்று கோடாகப் பளிச்சென்று நின்றது. டிஷ்யூவால் ஒற்றினேன், டிஷ்யூ ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்தபோது பட்டை இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. அதற்கு மேல் கை வைக்கப் பயமாக இருந்தது. ஊதுவதை மட்டும் மறக்காமல் ஊதிவிட்டு மேலே ஓடி வந்துவிட்டேன். அவள் வந்தால் ஒரு பிரளயம் நிச்சயம். இருக்கட்டும், பிள்ளை நன்றாக இருந்தால் போதும். கொஞ்ச நேரத்தில் ‘யெஸ் அம்மா ஐம் அலைவ்’ என்று அவளிடமிருந்து மெசேஜும் வந்தது. திருநீறு வேலை செய்கிறது என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் அவர் முதலில் வந்தார். வழக்கம் போலக் கை கால் கழுவி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு காப்பிக்கு வந்து உட்கார்ந்தார். ஆபீஸில் வைத்துக்கொள்ள முடியாததை வீட்டுக்கு வந்ததும் ஈடுகட்டுவது அவர் பழக்கம். நண்பர்கள் அவரைப் பட்டை சபரி என்றே கூப்பிடுவார்கள்.

“கீழ இருந்து அந்த அரிசி மூட்டையைக் கொண்டாந்து வைங்கன்னு ஞாயித்துக்கிழமையில இருந்து சொல்லிட்டு இருக்கேன்,” என்றேன். “டப்பால ஒரு மணி அரிசி இல்ல.”

“நாளைக்கு எடுத்தாறேன்.”

“நாளைக்கு நாளைக்குன்னு ஒரு வாரம் ஆச்சுங்க. முன்னெல்லாம் ரெண்டு மூட்டையைத் தோள்ல போட்டுட்டு வருவீங்க. இப்ப எதைச் சொன்னாலும் முதுகு புடிச்சிருக்குன்னு ஒரு சாக்கு. யோகா கிளாஸுக்குப் போங்கன்னா அதுக்கும் போறதில்ல.”

அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். பேஸ்மென்ட் படிகளில் மெதுவாக இறங்குகிற சத்தம் கேட்டது. நான் சட்னிக்கு வெங்காயம் நறுக்கினேன். தாளித்தேன். இறக்கி வைத்தேன். மூட்டை வரவில்லை.

“ஏனுங்க?” என்று குரல் கொடுத்தேன். சத்தமே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன்.

ரோஷினியின் ஸ்டூலில், படத்துக்கு நேர் எதிரே, அவர் உட்கார்ந்திருந்தார். முதுகு விறைப்பாக இருந்தது. கைகள் முழங்காலில். அரிசி மூட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. திட்ட வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

“அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்றார்.

“என்ன தெரிஞ்சுது?”

“உள்ள போய்ப் பார்த்திருக்கா. ஹாஸ்பிடல் போர்ட்டல்ல, என் ரிப்போர்ட்டை. பாஸ்வேர்டு அவ பேருதான் வெச்சிருந்தேன். நான் ஒரு முட்டாள்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த ஹாஸ்பிடல் என்று கேட்டேன். அவர் படத்தைக் கையால் காட்டினார்.

“எல்லாரும் இருக்காங்க, பாரு. நீ இருக்கே, ரஞ்சித் இருக்கான், எல்லாரும். நான் மட்டும் இல்ல. நான் எங்கன்னு தேடிட்டே வந்தேன். பட்டையைப் போட்டு ஓரமா உக்கார வெச்சிருக்கா.”

“அது...” என்று ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை.

“அன்னிக்கு ஒரு ஊசியைப் போட்டு, காத்திருக்கச் சொல்லி, அப்புறம் மெஷின்ல படுக்க வெச்சாங்க ப்ரியா. எலும்பு ஸ்கேன். எந்திரிச்சு வர்றப்ப ஸ்க்ரீனைத் திருப்பி வெச்சிருந்தாங்க. முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு. மண்டையோட, விலா எலும்போட. இதே மாதிரிதான் இருந்துச்சு. என்னையே பார்த்துட்டு நின்னேன். அங்கங்க கறுப்பா புள்ளி.”

“யாருக்கு?” என்றேன். எவ்வளவு மடத்தனமான கேள்வி. ஆனால் என் வாயில் வந்தது அதுதான்.

“எனக்குத்தான். புராஸ்டேட்ல ஆரம்பிச்சு எலும்புக்குப் போயிருச்சாம். இடுப்பு, முதுகு. பயாப்ஸி ரிப்போர்ட்டும் வந்துருச்சு. செவ்வாய்க்கிழமை ட்ரீட்மென்ட் பத்திப் பேச வரச் சொல்லியிருக்காங்க. ஒய்ஃபைக் கூட்டிட்டு வாங்கன்னாங்க. இது கேன்...”

“வாயைக் கழுவுங்க!” என்று கத்தினேன். கை தானாக அவர் வாய்ப்பக்கம் போனது. “விளக்கு வெக்கிற நேரத்துல என்ன பேச்சு பேசறீங்க?”

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“இதுக்குத்தான் சொல்லல,” என்றார். “எத்தனை நாள் சொல்லணும்னு வந்து நின்னிருக்கேன் தெரியுமா? காப்பி குடிக்கறப்ப, துணி மடிக்கறப்ப. எப்படிச் சொல்லுவேன்? இந்த வீட்ல அதுக்கு வார்த்தையே இல்லையே.”

எனக்குப் பயம் வரும்போது முதலில் கோபம்தான் வரும். அன்றைக்கும் வந்தது. “அப்ப நான்தான் காரணமா? ஊருக்கு ஆயிரம் சால்ஜாப்பு சொல்லத் தெரியுது, கட்டுன பொண்டாட்டிகிட்டச் சொல்ல முடியலையா? ஆபீஸ் ஆபீஸ்னு போனது ஹாஸ்பிடலுக்கா? தனியா போய்ப் படுத்துட்டு வந்தீங்களா?” கேட்டுக்கொண்டே வந்த எனக்கு, அந்த மெஷினில் அவர் தனியாகப் படுத்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்து அறையில் காத்திருக்க யாரும் இல்லை. வெளியே வந்து, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்து, நான் போட்ட இட்லியைச் சாப்பிட்டிருக்கிறார். நல்லா இருக்கு ப்ரியா என்றும் சொல்லியிருப்பார். அரிசி மூட்டைக்காக நான் பேசின பேச்செல்லாம் என் காதிலேயே ஒலித்தது. ஃப்ரீஸர் மேல் சாய்ந்துகொண்டேன்.

“அது நீங்க இல்ல,” என்றேன்.

“எது?”

“அது ரோஷினி. அவ தன்னைத்தான் வரைஞ்சிருக்கா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. துண்ணூறு போட்டது நான். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு இன்னிக்குக் காலையில நான்தான் போட்டு விட்டேன்.”

அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அவளுக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

அவர் பெருமூச்சு விட்டார். அந்த முகத்தில் நிம்மதி தெரிந்தது, அதுதான் என்னைக் கொன்றது. பிறகு அவருடைய பழைய குறும்பு எங்கிருந்தோ வந்துவிட்டது. “நல்ல காரியம் பண்ணினே போ. அவ மேல இருந்ததை எம்மேல மாத்தி விட்டுட்டே. அப்படியே இருக்கட்டும்.”

விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு அது நெஞ்சில் இறங்கிவிட்டது. என் கையை விரித்துப் பார்த்தேன். மூன்று விரல்கள். இந்த விரல்கள்தானே இழுத்தன? பிள்ளையைக் காப்பாற்று என்று கேட்டேன், சரி என்று சொல்லி வேறொருவரை எடுத்துக்கொண்டானோ முருகன்? என் முகத்தைப் பார்த்து அவர் பயந்துபோனார்.

“ஏய், லூசு. ஸ்கேன் எடுத்து ரெண்டு வாரமாச்சு. நீ துண்ணூறு போட்டது இன்னிக்கு. கணக்கே இடிக்குது பாரு.”

கணக்கு இடித்தது. என் மூளைக்கு அது புரிந்தது. மற்றதற்கெல்லாம் புரிய இன்னும் நாளாகும்.

“ட்ரீட்மென்ட் இருக்கு ப்ரியா. ஊசி, மாத்திரை. பல பேரு பல வருஷம் ஓட்டறாங்களாம். டாக்டர் சொன்னார்.” அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆனா ரோஷினிகிட்ட இப்ப வேண்டாம். திங்கக்கிழமை அப்லோட் பண்ணட்டும். அவ மனசு உடைஞ்சா இந்த வருஷமே போயிரும். நிதானமாச் சொல்லிக்கலாம்.”

நான் தலையாட்டினேன். அது சரியாகவே பட்டது. நல்ல அப்பா அம்மா செய்வது அதைத்தானே.

அப்போது மேலே கராஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. வண்டி உள்ளே வந்து நின்றது. அவர் முதுகை இன்னும் நிமிர்த்தி உட்கார்ந்தார். நான் முந்தானையில்லாத குர்த்தாவின் ஓரத்தால் கண்ணைத் துடைத்தேன், மூக்கைச் சிந்தினேன், வெங்காயம் நறுக்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என முடிவு செய்தேன். இரண்டு பேரும் முகத்தைச் சரி செய்துகொண்டோம். நாடகத்தில் மணி அடித்த மாதிரி.

ரோஷினி படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். “வொய் இஸ் எவ்ரிபடி டவுன் ஹியர்?” என்றவள் படத்தைப் பார்த்தாள். பை தோளிலிருந்து விழுந்தது.

“யார் தொட்டது? அம்மா! வெட் பெயின்ட்! திங்கக்கிழமை டியூ!” அவள் குரல் கிறீச்சிட்டது. படத்தின் பக்கத்தில் போய்க் குனிந்து, ஒட்டிக்கொண்டிருந்த டிஷ்யூத் துணுக்கைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். “வாட் இஸ் திஸ்? விபூதியா?”

“உனக்கு நல்லதுக்குத்தான்...” என்று இழுத்தேன்.

அந்தப் பட்டையையே பார்த்தாள். அப்புறம் திரும்பி அவருடைய நெற்றியைப் பார்த்தாள். அங்கே கண்ணை எடுக்காமல் நின்றாள். வரைகிறவர்கள் பார்க்கிற பார்வை அது, என்ன மறைத்தாலும் தாண்டிப் போகிறது. அவர் உட்கார்ந்திருந்த விதம், ஸ்டூலின் ஓரத்தை அழுத்திப் பிடித்திருந்த விரல்கள், என் வீங்கின கண், ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவர் மெல்ல முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அப்பாக்கு என்ன?” என்றாள்.

தமிழில் கேட்டாள்.

“ஒண்ணுமில்ல கண்ணு,” என்றேன் உடனே. “அரிசி மூட்டை எடுக்க வந்தோம். அப்பாவுக்கு முதுகு புடிச்சுக்கிச்சு. வேற ஒண்ணுமில்ல.” சொல்லிவிட்டுச் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

“டோன்ட்,” என்றாள் ரோஷினி. “ப்ளீஸ் அம்மா. நாட் தட் ஃபேஸ்.”

எந்த முகம் என்று அவள் காட்ட வேண்டியிருக்கவில்லை. எனக்குத் தெரியும், கிளிப்பச்சைச் சேலைக்கு மேலே அவள் அதைப் பல்லெண்ணி வரைந்து வைத்திருந்தாள். அவர் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று. திங்கட்கிழமை வரைக்கும்தானே. சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் சிரித்தால் போதும். அது எனக்குக் கஷ்டமே இல்லை. ஆனால் அதற்குப் பிறகும் ஏதாவது ஒரு திங்கட்கிழமை இருக்கும். ஒரு காலேஜ் ரிசல்ட், ஒரு பரீட்சை, ஒரு நல்ல நாள். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் வலியை ஒருவர் பார்க்காமல் இந்த வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்போம். என் பிள்ளை தனியாகத் தன்னை எலும்பாக வரைந்துகொண்டிருப்பாள். அவர் தனியாக ரயிலேறிப் போவார். நான் வடை நீட்டிக்கொண்டிருப்பேன்.

அந்த வார்த்தையை என் நாக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. முருகா என்றுதான் முதலில் வந்தது.

“அப்பாவுக்குக் கேன்சர்,” என்றேன்.

ரோஷினி அசையவில்லை. நான் இன்னொரு தடவை சொன்னேன், எனக்கே கேட்க வேண்டும் என்று. “கேன்சர். எலும்புல இருக்கு. செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கப் போறோம். நானும் போறேன்.”

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. திரும்பினேன். அவ்வளவு நேரம் விறைப்பாக உட்கார்ந்திருந்தவர் ஃப்ரீஸரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தார். கண்களை இறுக மூடியிருந்தார். “அம்மா... அம்மாடி...” என்று அடிவயிற்றிலிருந்து முனகினார். இருபது வருஷத்துக்கு மேல் அவரோடு வாழ்ந்தும் நான் கேட்டிராத சத்தம். எத்தனை மாசமாக இதை விழுங்கி விழுங்கி வைத்திருந்தாரோ, நாங்கள் பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரோஷினி ஓடிவந்து ஒரு தோளைப் பிடித்தாள். நான் இன்னொன்றைப் பிடித்தேன். மெல்ல இறக்கி, சிமென்ட் தரையில் விரித்திருந்த அவளுடைய பெயின்ட் துணிமேல் சாய்த்தோம். அவர் உடம்பு இத்தனை கனம் என்றும் எனக்குத் தெரியாது, இத்தனை லேசு என்றும் தெரியாது.

“எங்க வலிக்குது?” என்று கேட்டேன். “மறைக்காம சொல்லுங்க. எங்கெங்க வலிக்குதுன்னு சொல்லுங்க.”

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று பார்த்தார். பிறகு என் கையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்து, ஒவ்வோர் இடமாகச் சொல்ல ஆரம்பித்தார்.